படிவத்தில் மிஞ்சிய வரிகள்

வாக்காளர் இடாப்பு மீளாய்வுக்கான படிவத்தை ஆண்டுதோறும் கிராம அலுவலர் எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவரும்போது, பழைய இடாப்பில் உள்ள பெயர்களில் எதை இம்முறை வெட்ட வேண்டும் என்று பார்ப்பதே என் முதல் வேலையாக இருந்து வந்திருக்கிறது. 2015 இல் யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலியில் உள்ள எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு வாக்கு இருந்தது. 2017 இல் அப்பா காலமானார். அடுத்த ஆண்டு மகள் திருமணமாகி மெல்பேர்ணுக்குப் போனாள். 2019 இல் மகன் மாணவர் விசாவில் ரொறன்ரோவுக்குப் போனான். 2021 இல், கொரோனாக் காலத்தில், அம்மாவும் காலமானார். மகனுடைய பெயரை மட்டும் நான் இரண்டு ஆண்டுகள் வெட்டாமல் வைத்திருந்தேன். கிராம அலுவலர் கேட்டபோது, படிப்பு முடிந்ததும் வந்துவிடுவான் என்று சொன்னேன். மூன்றாம் ஆண்டு அவர் கேட்கவில்லை. நானாகவே கோடு போட்டேன். இப்போது அந்தப் படிவத்தில் என் பெயரும் என் கணவரின் பெயரும் இருக்கின்றன. மற்ற வரிகள் வெறுமையாக இருக்கின்றன.

இவ்வாண்டு படிவம் வந்த அன்று மாலை, எங்கள் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை வேலை முடிந்து வந்து, சைக்கிளை விறாந்தையில் ஏற்றி வைத்துவிட்டு, மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். “அன்ரி, என்னோட பேரையும் இதுல எழுதலாமா?” என்று கேட்டாள். அவள் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நோர்வூட்டைச் சேர்ந்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்று, நகரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எங்களோடு இருக்கிறாள். 2024 இல் செப்டெம்பர் 21 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலுக்கும், நவம்பர் 14 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலுக்கும், இரண்டு முறை இரவு பஸ் ஏறி, கண்டியிலும் ஹட்டனிலும் மாறி, ஊருக்குப் போய் வாக்களித்துவிட்டு வந்தாள். வதிவிடச் சான்றிதழ் ஒன்று தேவைப்பட்டபோதும் அவ்வளவு தூரம் போய்த்தான் வாங்கி வந்தாள். அவள் கேட்டதில் தவறு எதுவும் இல்லை. ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே பதிய வேண்டும் என்பதே முறை. “அங்கிளிட்டைக் கேட்டுச் சொல்லுறன் பிள்ளை” என்றேன். வீடு எனக்குச் சீதனமாக வந்தது. காணி உறுதி என் பெயரில் இருக்கிறது. அவரிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். “சரி அன்ரி” என்று படியேறிப் போனாள்.

ஒரு பெயரை எழுதுவதற்கு எனக்கு ஏன் மூன்று வாரங்கள் தேவைப்பட்டன என்பதையே இங்கே எழுத விரும்புகிறேன். இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் இருபத்து மூன்று வீடுகள் இருக்கின்றன. ஒன்பது வீடுகளின் உரிமையாளர்கள் நாட்டில் இல்லை. ஆறு வீடுகளில் வெளிமாவட்டங்களிலிருந்து வந்த பட்டதாரிகள் அறை எடுத்தோ முழு வீட்டை எடுத்தோ இருக்கிறார்கள். அந்த ஆறு வீடுகளில் ஒன்றில்கூட, குடியிருக்கும் பிள்ளைகளின் பெயர் இடாப்பில் இருக்கவில்லை.

ஊரில் ஆள் குறைகிறது என்ற கவலை மட்டும் இங்கே எல்லோருக்கும் உண்டு. 1981 ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய எல்லைக்கு உட்பட்ட யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 738,000 பேர் இருந்தார்கள். 2012 இல் எண்ணியபோது ஏறத்தாழ 583,000 பேரே இருந்தார்கள். கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. 2015 இல் அவை ஏழாகி, 2024 இல் ஆறாகிவிட்டன. பெரும்பாலான ஆசனங்கள் பதியப்பட்ட வாக்காளர் தொகையைக் கொண்டே மாவட்டங்களுக்குப் பகிரப்படுவதால், இங்கே வெட்டப்படும் ஒவ்வொரு பெயரும் அந்தக் கணக்கில் சேர்கிறது. எங்கள் சனசமூக நிலையத்துக்குக் காலையில் பத்திரிகை பார்க்க வரும் ஓய்வுபெற்றவர்கள் ஒன்பது, ஏழு, ஆறு என்ற இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே மனிதர்கள் தங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளின் பெயரைப் பதியக்கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே காலையில், ஒரே வாங்கில் இருந்தவரிடமிருந்து நான் கேட்டிருக்கிறேன்.

போருக்குப் பிறகு இந்த நகரம் எழுந்த கதையைக் கட்டடங்களைக் கொண்டு சொல்வது எளிது. 1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் நிலையத்துக்குத் திரும்பி வந்தது. 2019 இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட நூலகத்துக்குப் பக்கத்தில், இந்திய உதவியோடு கட்டிய பதினொரு மாடிக் கலாசார மண்டபம் நிற்கிறது. இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்த மாற்றம் வேறு ஒன்று. அது மிக மெதுவாக வந்ததால் ஒருவரும் திறப்பு விழா நடத்தவில்லை.

பல்கலைக்கழகம் 1974 இல் தொடங்கிய காலத்திலிருந்தே எங்கள் பகுதிக்கு வெளி மாணவர்கள் புதியவர்கள் அல்லர். போடிங் கொடுப்பது இங்கே பல குடும்பங்களுக்கு வருமானம். ஆனால் அவர்கள் கடைசிப் பரீட்சை முடிந்த கிழமையிலேயே பெட்டி கட்டிவிடுவார்கள். போரின்போது இருக்க முடியாது; போர் முடிந்த பின்பும் இருப்பதற்கு வேலை இல்லை. கடந்த ஏழெட்டு ஆண்டுகளில்தான், பெட்டி கட்டாமல் தங்கிவிடும் பிள்ளைகளைக் கண்டேன். யாழ் ஐ.ரி. ஹப் போன்ற தன்னார்வ அமைப்புகள் 2011 இலிருந்து பாடசாலைப் பிள்ளைகளையும் பல்கலைக்கழகப் பிள்ளைகளையும் பழக்கி வந்ததன் பயனாகவும், புலம்பெயர்ந்தவர்கள் சிலர் இங்கே கிளைகளைத் திறந்ததாலும், மென்பொருள் வேலைகள் நகருக்கு வந்தன. கொரோனாவுக்குப் பிறகு கொழும்பு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனது. கொழும்பில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே கிணறும் மாமரமும் உள்ள வளவோடு பாதி வீடு எடுக்கலாம். 2022 இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்று, மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டபோது, எங்கள் சொந்தப் பிள்ளைகள் கடவுச்சீட்டு வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு கனடாவுக்கு வருகை விசா கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஒழுங்கையிலிருந்து இரண்டு குடும்பங்கள் புறப்பட்டன. அந்த வீடுகளுக்குத்தான் நோர்வூட், மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு என்று பிள்ளைகள் வந்தார்கள். ஆளில்லாத வளவு எப்படியிருக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாரியில் பீலிகளில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கும். டெங்கு என்று பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து பூட்டிய படலையில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போவார். பிள்ளைகள் வந்த வீடுகளில் இரவில் வெளிச்சம் எரிகிறது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

அவர்களை இந்த ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், மரியாதையாக, ஆனால் படலையைப் பாதி சாத்தியபடி என்றுதான் சொல்ல வேண்டும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எவ்விடம்?” எங்களுக்குள் இந்தக் கேள்வி எப்படி நகரும் என்பது யாழ்ப்பாணத்தவர் அனைவருக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்று வரும். அதைச் சொன்னால் தகப்பனார் ஆர் என்று வரும். மூன்றாவது பதிலில், வாய்விட்டுக் கேட்காத ஒன்றைக் கேட்டவர் அறிந்துகொண்டுவிடுவார். சாதி என்ற சொல்லைச் சொல்லாமலே சாதியை அறியும் இந்தக் கலையில் நானும் தேர்ந்தவள். வெளியூர்ப் பிள்ளைகளிடம் இந்தச் சங்கிலி முதல் பதிலிலேயே அறுந்துவிடுகிறது. “நோர்வூட்” என்றால் “ஓ, மலையகமோ” என்பார்கள். அதற்கு மேல் கேள்வி இல்லை. அங்கேயே அவள் எந்த இடத்தில் வைக்கப்பட்டுவிட்டாள் என்பது கேட்டவரின் குரல் இறங்கும் விதத்தில் தெரியும். அவளோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் மற்றப் பிள்ளை மட்டக்களப்பைச் சேர்ந்தவள். கைதடியில் சித்த மருத்துவம் படித்தவள். அவளிடம் ஊரைக் கேட்ட கடைக்காரர், வந்தவனை மந்திரத்தால் மயக்கிப் பாயோடு ஒட்டவைத்துவிடும் ஊரல்லவா என்று சிரித்தாராம். முதல் நாள் அவளும் சிரித்தாள். ஐந்தாவது ஆள் அதையே சொன்ன அன்று, வந்து என்னிடம், “நான் வைத்தியர் எண்டது ஒருத்தருக்கும் நினைவில்ல அன்ரி” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நோர்வூட் பிள்ளை அலுவலகத்தில் “ஓம்” என்பாள். இரவு தாயோடு தொலைபேசியில் பேசும்போது “ஆமா” என்பாள். எங்கள் பேச்சை அவள் கற்றுக்கொண்ட வேகத்தைக் கண்டு வியந்தவர்கள், அப்படிக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை அவளுக்கு ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை. நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று அவளைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் அவளைக் கலியாணம் செய்ய விரும்புவதாக எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் வீட்டில் சொன்னபோது, அவனுடைய தாய் என்னிடம் வந்து, “பிள்ளையைப் பற்றிக் கேக்கேல்லை, ஆக்களைப் பற்றித்தான் கேக்கிறன்” என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. பையன் இப்போது கொழும்பில் இருக்கிறான்.

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாக இருக்காது. நான் சிறுமியாக இருந்தபோது இதே வீட்டின் குசினியில் ஒரு பிள்ளை படுத்து எழும்பினாள். மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்திருப்பாள். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் வசதியான பல வீடுகளில் இப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் பாடசாலைக்குப் போகும்போது அவள் என் சப்பாத்தைத் துடைத்துத் தருவாள். அவளுக்குத் தனிக் கோப்பை இருந்தது. அது புகைக்கூட்டுக்குக் கீழே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். தமிழருக்கு எதிரான 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அவளுடைய தகப்பன் வந்து, கிளிநொச்சிப் பக்கம் குடியேறப் போவதாகச் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் அவளைக் கூப்பிட்ட பெயர் எனக்கு நினைவிருக்கிறது. அது அவளுடைய பெற்றோர் வைத்த பெயர்தானா என்பது தெரியாது. நோர்வூட் பிள்ளை முதன்முதலாக அறை பார்க்க வந்த நாளில், கணினிப் பையைத் தோளில் மாட்டியபடி குசினி வாசலில் நின்று, “தண்ணி கொஞ்சம் குடிக்கலாமா ஆன்ட்டி?” என்று கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தப் பிள்ளையின் ஊர் மக்களுக்கு வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர் என்பது என்ன என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு அவர்களுடைய வாக்கும் போயிற்று. காங்கேசன்துறையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சா. ஜே. வே. செல்வநாயகம், இந்த அநீதியை எதிர்த்தே தமிழ்க் காங்கிரசிலிருந்து விலகி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் நாங்கள் பெருமையோடு சொல்லிக் கொடுக்கும் வரலாறு இது. நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிரச்சினை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை இழுபட்டது. கொழுந்து பறித்தே வாழ்ந்த தன் பாட்டியின் பெயர் முதன்முதலாக இடாப்பில் ஏறியபோது அவர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார் என்று நோர்வூட் பிள்ளை ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

எங்கள் மக்களின் பயத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது காரணமில்லாமல் வந்ததல்ல. வலிகாமம் வடக்கில் 1990 இலிருந்து ஆயிரக்கணக்கான ஏக்கர் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி, சொந்தக்காரர்கள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்திருந்தார்கள். இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நகரில் பலருடைய வீடுகளில் படையினர் இருந்தார்கள். இடம்பெயர்ந்து வந்தவர்களைப் பாவம் பார்த்து இருத்தி, பிறகு எழுப்ப முடியாமல் வழக்காடியவர்களும் உண்டு. காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவரிடம் இன்றும் கிழமைக்கு இரண்டு பேராவது உறுதியோடு வருகிறார்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி, பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் எதிராட்சியாக, அதாவது உரிமையாளரின் அனுமதியில்லாமல் தனதுபோல, ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதது அடுத்த பகுதி: வாடகை கொடுத்து, உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவரின் இருப்பு எதிராட்சி ஆகாது. இடாப்பில் பெயர் ஏறுவது ஒருவர் அங்கே குடியிருக்கிறார் என்பதற்குச் சான்று. வீடு அவருடையது என்பதற்குச் சான்று அல்ல. என் கணவர் இதை வருபவர்களிடம் பொறுமையாக விளக்குவார். அவர்கள் கேட்டுத் தலையாட்டிவிட்டு, “எண்டாலும் சேர், ஏன் வீண் பிரச்சினை” என்பார்கள். வாடகைக்கு இருப்பவரை எழுப்புவதைக் கடினமாக்கிய 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் உண்மை உண்டு. ஆனால் அதே மக்கள், சொந்த ஊர்க்காரர், சொந்தச் சாதிக்காரர் வாடகைக்கு வந்தால் பெயரைப் பதிந்து கொடுக்கிறார்கள். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான்.

இன்னொரு பயமும் இருக்கிறது. அது ஏழைகளின் பயம் என்பதால் அதை நான் கூடுதலாக மதிக்கிறேன். மென்பொருள் வேலைக்காரர் கொடுக்கும் வாடகையை இங்கே சொந்த வீடில்லாத குடும்பங்களால் கொடுக்க முடிவதில்லை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த தையல்காரக் குடும்பம், வாடகை இரட்டிப்பானதால் கோப்பாய்ப் பக்கம் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் கலைப்பீடப் பட்டதாரி. 2017 இல் வேலை கேட்டு மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் இருந்த பட்டதாரிகளில் அவனும் ஒருவன். 2020 இல்தான் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநராகச் சேர்க்கப்பட்டான். “எங்கட பிள்ளையள் வெயிலுக்கை இருந்தாங்கள், வந்தவையள் குளிர் அறையிலை இருக்கினம்” என்று அந்த அக்கா சொல்லும்போது, அவர் மனதில் உள்ள வலியை நான் அறிவேன். ஆனால் வந்த பிள்ளைகள் அவனுடைய அரசாங்க வேலையைப் பறிக்கவில்லை. அரசாங்கக் கதிரையைத் தவிர வேறு எதையும் வேலையாக மதிக்காமல் எங்கள் பிள்ளைகளை வளர்த்தது நாங்கள். ஆசிரியர் என்ற முறையில் அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

வந்தவர்கள் எல்லோரும் புதியவர்கள் என்பதும் சரியல்ல. சோனகத் தெருவில் தன் பாட்டனாரின் வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு தம்பி, உறுதி பார்ப்பதற்காக என் கணவரிடம் வந்தான். புத்தளத்தில் பிறந்தவன், பேராதனையில் பொறியியல் படித்தவன், இங்கே ஒரு கட்டுமான வேலையை மேற்பார்வை செய்கிறான். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டபோது, அவனுடைய பாட்டனார் உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாராம். நான்கு மடிப்பில் தேய்ந்து கிழிந்த அந்தத் தாள், பொலித்தீன் உறைக்குள் இருந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் தம் காணிக்கு வர முடியாமல் போனவர்களின் அந்த ஆண்டுகளை எதிராட்சிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016 ஆம் ஆண்டில் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்ததை என் கணவர் அவனுக்கு எடுத்துச் சொன்னார். தேநீர் கொடுத்தபோது, வழக்கம்போல என் வாயில் “எவ்விடம் தம்பி?” என்று வந்துவிட்டது. “யாழ்ப்பாணம்” என்றான். “இல்லை, எவ்விடத்திலை இருந்து வாறீங்கள்?” என்று திருத்திக் கேட்டேன். “யாழ்ப்பாணம்தான்” என்றான் மறுபடியும், மிகவும் மரியாதையாக.

அவன் போன பிறகு அந்தத் திகதி என்னை விடவில்லை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கி வந்தபோது, நாங்கள் போனோம். நகரும் அதைச் சூழ்ந்த ஊர்களுமான வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி, மழைக்குள், செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. இரண்டு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடக்க எனக்கு ஏழு மணித்தியாலம் எடுத்தது. மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் விறாந்தையில் எங்களை ஆறு மாதம் இருத்தியது. அங்கே நாங்கள் வந்தவர்கள். அவர்களுடைய கிணற்றடியில் எங்கள் வாளிக்காக எத்தனை பேர் காத்திருந்தார்கள், எங்கள் மீது எத்தனை முறை எரிச்சல் பட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் நிவாரண அட்டைக்குப் பதிவு வந்தபோது, அந்த வீட்டு ஐயா தன் முகவரியில் எங்கள் நான்கு பேரின் பெயரையும் தானே எழுதிக் கொடுத்தார். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பிள்ளைகளையும் கீழே கூப்பிட்டேன். மட்டக்களப்புப் பிள்ளை சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். “என்ட பேர் ஊர்லயே இருக்கட்டும் அன்ரி, அப்பாவோட போய்த்தான் வாக்குப் போடுற” என்றாள். நோர்வூட் பிள்ளை அடையாள அட்டையை எடுத்து வந்து, இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தாள். தகப்பனின் பெயரோடு சேர்த்து அவளுடைய முழுப் பெயரை நான் எழுதினேன். மூன்று ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் இருந்தும், அந்த முழுப் பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிட்டேன், அவள் மெதுவாகச் சொன்னாள், திருத்தினேன். ஊரில் இருக்கும் பெயரை நீக்கி இங்கே மாற்றுவதற்கு என்ன எழுத வேண்டும் என்பதைக் கிராம அலுவலரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டோம். அவள் கைத்தொலைபேசியில் படிவத்தைப் படம் எடுத்துத் தாய்க்கு அனுப்பினாள். அடுத்த நிமிடமே தாய் அழைத்தார். என்னோடு பேச வேண்டும் என்றார். என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் மதிலுக்கு மேலால், “பேரைப் பதிஞ்சு குடுத்திட்டியளாம்” என்றார். ஓம் என்றேன். பிறகு இரண்டு நாட்கள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் முருங்கைக்காய் கொண்டுவந்து தந்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போனார்.

எங்கள் வீட்டுக்கு மற்றப் பக்கத்தில் இருக்கும் வீடு என் அண்ணாவுடையது. அவர் 1988 இல் கனடாவுக்குப் போனவர். வீட்டை நான்தான் பார்க்கிறேன். அங்கே மன்னார், முல்லைத்தீவுப் பக்கத்துப் பட்டதாரிப் பையன்கள் நான்கு பேர் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அந்த வீட்டுக்கும் ஒரு படிவம் வரும். ஆளில்லை என்று சொல்லி வெறுமையாகவே நான் திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறேன். கடந்த ஆண்டும் அப்படித்தான் கொடுத்தேன், அப்போது அந்த நான்கு பேரும் உள்ளே இருந்தார்கள். இம்முறை அண்ணாவை அழைத்துக் கேட்டேன். பையன்கள் நல்லவர்கள்தான், வாடகையும் ஒழுங்காக வருகிறது, எல்லாம் சரிதான் என்றார். எவ்விடத்துப் பெடியள் என்று கேட்டார். பிறகு, “பார்ப்பம்” என்றார். கிராம அலுவலர் வெள்ளிக்கிழமை வருவார். அந்தப் படிவம் என் மேசையில், அண்ணா வீட்டுச் சாவிக்கொத்துக்குக் கீழே, இன்னும் எழுதாமல் கிடக்கிறது.